நீலம் இன்னும் கொஞ்சம் தூக்கலாக

சட்டமன்ற உறுப்பினர்களுக்கு விண்வெளித் திட்டங்களின் பயனை எடுத்துச் சொல்வது என்று விண்வெளி நிறுவனம் முடிவெடுத்தது. முடிவெடுத்த கையோடு, அந்தப் பயன் என்ன என்று கண்டுபிடிக்க ஒரு குழுவையும் அமைத்தது. குழு ஐந்து முறை கூடிக் கலைந்து, ஆறாவது முறை அறிக்கை கொடுத்தது. பயன்கள் மூன்று: பெருமை, பெருமிதம், பெருஞ்சாதனை. மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்ட இளநிலை விஞ்ஞானியை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை.

நான்காவதாக ஒரு பயன் இருக்கத்தான் செய்தது. ஆனால் அது நிறுவனத்தின் பின்பக்கம், வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டி, தகரம் வேய்ந்த இரண்டு அறைகளில் இருந்ததால் குழுவின் கண்ணில் படவில்லை. கதவில் 'நீர்நிலைக் கண்காணிப்புப் பிரிவு' என்று எழுதியிருக்கும். உள்ளே இரண்டே பேர். ஒருவர் வெளியே நிற்கும் பெரிய டிஷ்ஷைத் திருப்புகிற ஆபரேட்டர். இன்னொருத்தி, அந்த டிஷ் பிடித்துக் கொடுக்கும் படங்களை வைத்து ஏரி, அணை எல்லாவற்றின் தண்ணீரையும் அளக்கிற ஒப்பந்தப் பொறியாளர். பதினொரு மாத ஒப்பந்தம். நான்கு முறை நீட்டித்திருந்தார்கள். அவளுக்கு ஒரு பெயர் உண்டு, அடையாள அட்டையில் இருக்கிறது; மற்றபடி வாசல் காவலாளியிலிருந்து இயக்குநர்வரை எல்லோருக்கும் அவள் ஏரிப்பொண்ணு.

வேலை இதுதான். செயற்கைக்கோள் ஒரு நாளைக்கு இரண்டு தடவை தலைக்குமேல் போகும். போகிறபோது கீழே உள்ளதைப் படம் எடுத்து அனுப்பும். மேலே இருக்கிற அணை நிரம்பி வழியப் போகிறது என்று படத்தில் தெரிந்தால், அவள் ஒரு படிவத்தை நிரப்பி, நிறுவனத்தின் முத்திரை வாங்கி, மாவட்டப் பேரிடர் அறைக்கு அனுப்புவாள். முத்திரையோடு எச்சரிக்கை வந்தால் அரை மணி நேரத்துக்குள் ஒலிபெருக்கி வண்டி தெருவுக்குப் போயாக வேண்டும் என்பது அங்கே விதி.

தண்ணீர் வருகிற தெருக்கள் ஏழு. ரயில் மேட்டுக்குக் கீழே, கிண்ணத்தின் அடியில் ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். மூன்றாம் தெருவில்தான் அவள் வீடு; அம்மா, தங்கச்சி பாப்பா, அவள் என்று மூன்று பேர். அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். போர்வை போர்வையாக வெளுத்துத்தான் மகளைப் பொறியியல் படிக்க வைத்தாள். அந்தப் பிரிவு தொடங்குவதற்கு முன்னால் வந்த வெள்ளத்தில் ஏழு தெருவிலும் சேர்த்துப் பதினொரு பேர் செத்தார்கள். எதிர்வீட்டுத் தையல்கார அக்கா அதில் ஒருத்தி, மிஷினைக் கட்டிலில் தூக்கி வைத்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனவள். பிரிவு தொடங்கியபின் இரண்டு வெள்ளம் வந்தது. ஒருத்தர்கூடச் சாகவில்லை. நான்கு மணி நேரம் முன்னால் சொன்னால் போதும், சனம் மிஷினையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட மாடிக்கு ஏறிவிடும்.

டிஷ் நின்ற இடம் மாநில அரசுடையது. அனுமதி அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. சட்டமன்றம் கை தூக்கி நீட்டித்தால் உண்டு. இல்லையென்றால் டிஷ்ஷைக் கழற்றிவிட்டு, அவளையும் கழற்றிவிட்டு, ஏழு தெருவையும் அதன் தலைவிதிக்கு விட்டுவிட வேண்டியதுதான்.

அதனால் சட்டமன்ற நிகழ்ச்சியில் பேச அவள் நான்கு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு மக்கள் தொடர்புத் தலைவரிடம் போனாள். அவர் எந்த வாக்கியத்தைத் தொடங்கினாலும் பெருமிதத்தில் கொண்டுபோய் முடிப்பார் என்பதால், அவருக்குப் பின்னால் எல்லோரும் அவரைப் பெருமிதம் என்றே சொல்வார்கள்.

பெருமிதம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"வெள்ளம்னு எழுதியிருக்கியேம்மா. அது எதிர்மறை."

"வெள்ளம்தான் சார் வருது."

"வரட்டும். சட்டமன்றத்துக்குள்ள வரக் கூடாது. அடுத்து, பதினொரு பேர் சாவு. இதெல்லாம் வேண்டாம். உயிர்னு போடு."

"பதினொரு உயிர்னா?"

"எண்ணிக்கை வேண்டாம். எண்ணிக்கை போட்டா யார் எண்ணினாங்கன்னு கேப்பாங்க. மக்கள்னு போட்டுக்க." சற்று யோசித்தார். "மக்கள்னு போட்டா எந்த மக்கள்னு கேப்பாங்க. அதையும் எடுத்துரு."

அரை மணி நேரத்தில் நான்கு பக்கம் ஒரு வரியாக இளைத்தது: 'அனைவருக்கும் வணக்கம்.'

"இது நல்லாருக்கு," என்றார் பெருமிதம். "ஆனா வணக்கம் நான் சொல்றதுதான் முறை. நீ பக்கத்துல நில்லு. உன்னைப் பாக்கும்போது நமக்கே ஒரு பெருமிதம் வரணும். முதல் தலைமுறைப் பட்டதாரிதானே நீ? அதை ஒரு அட்டையில எழுதிச் சட்டையில குத்திக்க."

அவள் குத்திக்கொள்ளவில்லை. அட்டை வந்தது, அச்சடித்தே வந்தது. அதை மடித்து ஆடுகிற நாற்காலியின் காலுக்குக் கீழே கொடுத்தாள். நாற்காலி ஆடுவது நின்றது. அந்த நிறுவனத்தில் அந்த வருடம் மக்கள் தொடர்புப் பிரிவு செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

இதற்கிடையில் பெருமிதம் வெளிநாட்டுக்குப் போய் ஒரு வழக்கத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அங்கே சட்டமன்ற உறுப்பினர்களுக்கு அவரவர் வீட்டை வானத்திலிருந்து எடுத்த படத்தைச் சட்டம் போட்டுக் கொடுக்கிறார்களாம். தன் வீட்டை மேலிருந்து பார்த்த மனுஷன் எதற்கும் இல்லை என்று சொல்ல மாட்டானாம். நூற்று நாற்பது உறுப்பினர்களுக்கும் கடிதம் போயிற்று. வீடு எங்கே இருக்கிறது என்று தெரிவிக்கும்படி கேட்டதும், மனுவுக்குப் பதில் போடாத உறுப்பினர்கள்கூட அன்றைக்கே பதில் போட்டார்கள். சிலர் இரண்டு வீடு கொடுத்தார்கள். ஒருவர் வீட்டோடு தன் எட்டுக் கல்லூரியையும் சேர்த்துக் கொடுத்தார். இன்னொருவர் ஆறு வீடு கொடுத்துவிட்டு, அடுத்த நாள் பதறிப்போய் நான்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

படம் தயாரிக்கிற வேலை ஏரிப்பொண்ணு தலையில் விழுந்தது. அவளிடம் இருந்த மென்பொருள் தண்ணீர் அளப்பதற்கென்று எழுதியது. எந்த இடத்தைத் திறந்தாலும் இருபது வருடத்துக்கு முன்னால் அங்கே ஏரி இருந்ததா என்று பார்த்து, இருந்திருந்தால் அந்த எல்லைவரை நீலம் பூசிக் காட்டும். முதல் படத்தைத் திறந்தாள். நட்டநடு நீலத்தில் மூன்று மாடி வீடு ஒன்று படகு மாதிரி நின்றது. இரண்டாவதும் அப்படியே. அன்று சாயங்காலத்துக்குள் எண்ணி முடித்தாள். நாற்பத்தொரு வீடு ஏரிக்குள்ளே. எட்டுக் கல்லூரி கண்மாய்க்குள்ளே. அவைத்தலைவரின் வீடு ஓடையின் குறுக்கே கால் நீட்டிப் படுத்திருந்தது.

படங்களை எடுத்துக்கொண்டு பெருமிதத்திடம் போனாள்.

"சார், இந்த நீலம் அலங்காரம் இல்ல. பழைய ஏரி எல்லை. உறுப்பினர் வீடு உள்ள இருக்கு."

"எதுக்குள்ள?"

"ஏரிக்குள்ள."

பெருமிதம் படத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, பேரப்பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"தண்ணி பாத்த வீடுன்னா என்ன மதிப்பு தெரியுமா உனக்கு? உங்க வீடு எதைப் பாத்து இருக்கு?"

"சாக்கடையைப் பாத்து சார்."

"அதான் உனக்கு ரசிக்கத் தெரியல. நல்லா எடுப்பா இருக்கு. நீலம் இன்னும் கொஞ்சம் தூக்கலா போடு."

அவள் விடவில்லை. நீலம் என்பது ஏரி, வீடு என்பது அதற்குள் என்று இரண்டே வரியில் குறிப்பெழுதிக் கோப்பில் வைத்து அனுப்பினாள். 'கண்டேன். பெருமிதம்' என்று பச்சை மையில் கையெழுத்தாகித் திரும்பி வந்தது.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னாள். அம்மா சுடுதண்ணீரில் வெந்துபோன விரல்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லிட்ட இல்ல?"

"ரெண்டு தடவ சொல்லிட்டேன்."

"எழுதியும் குடுத்துட்ட?"

"குடுத்துட்டேன்."

"அப்பறம் என்ன. படிச்சவங்க கேட்டது நீலம், படிச்சவ போட்டது நீலம். போட்டுக் குடுத்துட்டு வந்து சாப்பிடு."

நிகழ்ச்சி நாள் வந்தது. சட்டமன்ற வாசலில் முதல் தடங்கல். இரண்டு ஆள் உயர ராக்கெட் மாதிரியைச் சோதித்த காவல் அதிகாரி, கூர்மையான பொருளை உள்ளே விட முடியாது என்று அதன் நுனியைக் கழற்றி, சாவிக்கொத்து, நகவெட்டி வரிசையில் வைத்து ரசீது கொடுத்தார். நுனி போன ராக்கெட், மண்டபத்தின் நடுவில் வீட்டுக் கூரையில் வைக்கிற தண்ணீர்த் தொட்டி மாதிரி நின்றது. 'நமது பெருமை' என்ற பலகை மட்டும் கூர்மையில்லாமல் இருந்ததால் தப்பித்தது.

இரண்டாவது தடங்கல் ஆபரேட்டர். விண்வெளி வீரர் உடை அவர் ஒருவருக்குத்தான் பொருந்தியது என்பதால் அவரை அதற்குள் திணித்திருந்தார்கள். தலைக்கவசத்தை மாட்டினால் காது கேட்காது. அடையாள அட்டை எங்கே என்று காவலர் கேட்கிறார். அவர் கை ஆட்டுகிறார். அட்டை சட்டைப்பையில், சட்டை உடைக்குள், உடையைக் கழற்ற இருபது நிமிஷம். கடைசியில் வருகைப் பதிவேட்டில் 'எங்கிருந்து வருகிறார்' என்ற கட்டத்தில் 'விண்வெளி' என்று எழுதி உள்ளே விட்டார்கள்.

உள்ளே போனதும் உறுப்பினர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். ஒருவர், "அங்க நம்ம ஆளுங்க யாராச்சும் இருக்காங்களாப்பா?" என்று விசாரித்தார். இன்னொருவர் நான்காக மடித்த மனு ஒன்றைக் கையுறையில் திணித்தார். ஆபரேட்டர் எல்லோருக்கும் தலையாட்டினார். வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. அந்த மண்டபத்தில் அன்றைக்கு மக்கள் பணியில் வியர்வை சிந்தியவர் அவர் ஒருவர்தான்.

பெருமிதம் மேடை ஏறினார்.

"மாண்புமிகு உறுப்பினர்களே, விண்வெளித் திட்டத்தால் சாதாரண மனிதனுக்கு என்ன பயன் என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்கிறேன், சாதாரண மனிதனால் விண்வெளித் திட்டத்துக்கு என்ன பயன்? ஒன்றுமில்லை. ஆனாலும் நாங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. அவன் தலைக்கு மேலேதான் எல்லாவற்றையும் செலுத்துகிறோம். அவன் அண்ணாந்து பார்த்தால் போதும். அதுதான் எங்கள் பெருமிதம்."

கைதட்டல் கேட்டது. பிறகு கேள்வி நேரம். கல்குவாரி வைத்திருக்கும் உறுப்பினர் எழுந்தார்.

"இந்த ராக்கெட்டை எங்க தொகுதியில இருந்து விட முடியுங்களா? பள்ளம் வேணும்னா இருக்கு. மலையா இருந்ததை எல்லாம் நானே பள்ளமா ஆக்கி வச்சிருக்கேன்."

எட்டுக் கல்லூரிக்குச் சொந்தக்காரரான உறுப்பினர் எழுந்தார்.

"விண்வெளிப் படிப்பு ஆரம்பிக்கலாம்னு ஒரு எண்ணம். அதுக்கு ஆய்வுக்கூடம் எல்லாம் வேணுமா, இல்ல வாசல்ல போர்டு வச்சா போதுமா?"

"ஆரம்பத்துக்குப் போர்டு போதுங்க," என்றார் பெருமிதம்.

படங்களைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். வெளிநாட்டு வழக்கம் வீண்போகவில்லை. மண்டபமே குழந்தைகள் வகுப்பு மாதிரி ஆனது. இதோ என் வண்டி, இதோ என் நாய், இதோ மொட்டை மாடியில் காயப்போட்ட என் வேட்டி. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒருவர் படத்தை ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். அங்கேதான் வினை தொடங்கியது.

எதிர்க்கட்சியில் பாத்திரக்கடை வைத்திருந்த உறுப்பினர் ஒருவர் இருந்தார். முதல் தடவை ஜெயித்தவர். இன்னும் சம்பாதிக்க ஆரம்பிக்காததால் அப்பா கட்டிய வீட்டிலேயே இருந்தார். அவர் தன் படத்தையும் குவாரிக்காரர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மேசையைத் தட்டி எழுந்தார்.

"அவைத்தலைவர் அவர்களே, இதென்ன ஓரவஞ்சனை? அவருக்கு வீட்டைச் சுத்தி நீலமா அள்ளிப் பூசியிருக்காங்க. எனக்குச் சொட்டு நீலம்கூட இல்ல. ஆளுங்கட்சின்னா குளிர்ச்சி, எதிர்க்கட்சின்னா வறட்சியா?"

எதிர்க்கட்சி வரிசையில் நீலம் கிடைக்காத இன்னும் பத்துப் பேர் எழுந்து நின்றார்கள். பெருமிதத்துக்கு வேர்த்துவிட்டது.

"ஏம்மா, சாருக்கும் நீலம் போட்டுக் குடுத்துரு."

ஏரிப்பொண்ணு அசையவில்லை. "போட முடியாது சார்."

"ஏன்?"

"அவர் வீடு தரையில இருக்கு."

பாத்திரக்கடைக்காரர் இதை அவமானமாக எடுத்துக்கொண்டு வாயைத் திறப்பதற்குள், குவாரி உறுப்பினர் முந்திக்கொண்டார்.

"அப்ப என் வீடு எதுல இருக்கு?"

"ஏரியில சார்."

"எந்த ஏரி? அங்க ஏரியே இல்லையே."

"நீங்க வீடு கட்டிட்டீங்க இல்ல சார், அதான் இல்ல. மேக்கு மூலையில ஒரு கல் கட்டடம் தெரியுது பாருங்க. அது அந்த ஏரியோட மதகு."

"அதுவா? அதுமேலதான் எங்க வீட்டம்மா பூந்தொட்டி வச்சிருக்காங்க," என்று சந்தோஷமாக ஆரம்பித்த உறுப்பினர், 'காங்க' வருவதற்குள் குரல் தேய்ந்து உட்கார்ந்தார்.

நாற்பத்தொரு படங்கள் மேசைமேல் குப்புறக் கவிழ்ந்தன. கல்லூரிக்காரர் தன் எட்டுப் படத்தையும் அடுக்கி அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

அவளுக்கு அந்த அமைதி போதும். பேச அனுமதி இல்லை, அட்டை குத்திக்கொண்டு நிற்கத்தான் அனுமதி என்பது நினைவிருந்தது. இருந்தும் பேசினாள்.

"அந்த ஏரிங்கள்ல நிக்க வேண்டிய தண்ணி போக இடமில்லாம ரயில் மேட்டுக்குக் கீழ ஏழு தெருவுக்குள்ள வருது. முன்ன வந்தப்ப பதினொரு பேர் செத்தாங்க. இப்ப நாலு மணி நேரம் முன்னாடி நாங்க சொல்லிடறோம், யாரும் சாகறதில்ல. வீட்ட இடிங்கன்னு நான் கேக்கல. அது என் வேலை இல்ல. டிஷ் நிக்கிற இடத்துக்கு அனுமதிய நீட்டிச்சுக் குடுங்க. அவ்வளவுதான்."

ஒன்றும் காதில் விழாத விண்வெளி வீரர் மட்டும் எல்லோரையும் பார்த்துத் தலையாட்டினார்.

அவைத்தலைவர் வெளியாட்கள் எல்லோரையும் வெளியேறச் சொன்னார். கதவு சாத்தப்பட்டது. தாழ்வாரத்தில் பெருமிதம் சுவரைப் பார்த்து நின்றார். "நாப்பது வருஷ நிறுவனம்மா," என்றார். "ஒரு நீலத்துல கவுத்திட்டியே."

"தூக்கலா போடச் சொன்னது நீங்கதான் சார்."

ஆபரேட்டர் தலைக்கவசத்தைக் கழற்றி, "என்னம்மா ஆச்சு, நல்லபடியா போச்சா?" என்று கேட்டார்.

அரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. அந்த மன்றத்தில் ஒரு தீர்மானத்துக்கு அரை மணி நேரம் என்பது இதுவரை நடக்காதது. வழக்கமாக வெளிநடப்புக்கே ஒரு மணி நேரம் ஆகும். உள்ளே போனால் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல உட்கார்ந்திருந்தன. அவைத்தலைவர் எழுந்து நின்று பேசினார்.

"விண்வெளித் திட்டங்களால் மக்களுக்கு என்ன பயன் என்று இத்தனை காலமும் நாங்கள் அறியாமல் இருந்துவிட்டோம். இன்றுதான் கண்கூடாகக் கண்டோம். மக்களுக்கு இவ்வளவு பயன்படக்கூடிய ஒன்று என்று முன்பே தெரிந்திருந்தால், முன்பே நடவடிக்கை எடுத்திருப்போம். தாமதத்துக்கு வருந்துகிறோம். விண்வெளி என்பது மேலே இருப்பது. மேலே போன ஒன்று கீழே குனிந்து பார்ப்பது அறிவியலுக்கே இழுக்கு. ஒரு பெரிய மனிதர் அடுத்த வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பாரா? ஆகவே இந்த மன்றம் ஒருமனதாகத் தீர்மானிக்கிறது."

தீர்மானம் வாசிக்கப்பட்டது. டிஷ் நிற்கும் இடம் நிறுவனத்துக்கே தொண்ணூற்றொன்பது வருடத்துக்கு. டிஷ் இனி நிலவை நோக்கி மட்டும் திரும்பி நிற்க வேண்டும். தரையைப் பற்றிய எந்தப் படமும், அளவும், கடிதமும் நிறுவனத்திலிருந்து வெளிவரக் கூடாது. தகரக் கூரைப் பிரிவு இனி 'நிலவு நீர்நிலைக் கண்காணிப்புப் பிரிவு'. அதில் பணிபுரியும் இளம்பெண்ணின் கூர்ந்த பார்வையைப் பாராட்டி, அந்தப் பார்வை இனி நிலவிலேயே இருக்கும்படி, அவருக்கு நிரந்தர வேலை. பாத்திரக்கடை உறுப்பினர் தன் படத்துக்கும் நீலம் பூச வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஏற்கப்பட்டது.

பெருமிதம் அழுதேவிட்டார். "தொண்ணூத்தொம்பது வருஷம்மா," என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நாங்க ஒன்பதுதான் கேட்டோம்."

வேலை நிரந்தரம் என்று சொன்னபோது அம்மா முதலில் சாமி படத்தைப் பார்த்தாள், பிறகு மகளைப் பார்த்தாள்.

"நிலாவுல வேலையா? போகணுமாடி?"

"போக வேண்டாம். இங்கயே உக்காந்து அங்க தண்ணி இருக்கான்னு பாக்கணும்."

"இருக்கா?"

"ஏரி இல்லம்மா. ஆனா அளந்து தினமும் எழுதணும்."

"அப்ப நம்ம தெருவ யாரு பாக்கறது?"

அவள் அதே கேள்வியை எழுதி நிறுவனத்துக்கு ஒரு கடிதம் போட்டாள். பதில் மறுநாளே வந்தது: 'தரை தொடர்பான கடிதங்கள் ஏற்கப்படுவதில்லை.' சட்டமன்றத்துக்கு ஒன்று போட்டாள். அவர்கள் அதைத் திறக்காமலே, நிலவு தொடர்பானது என்று குறித்து நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். ராஜினாமா எழுதி மூன்று நாள் பையில் வைத்துச் சுற்றினாள். போய்விட்டால் அந்த அறையில் வந்து உட்காரப்போகிறவனுக்கு நிலா மட்டும்தான் தெரியும் என்று தோன்றியது. கிழித்துப் போட்டாள். ஆத்திரம் மட்டும் கிழியவில்லை. தினமும் காலையில் பதிவேட்டில் 'நிலவு: ஏரிகள் இல்லை. ஆக்கிரமிப்புகளும் இல்லை' என்று எழுதினாள். பெருமிதம் அதன் கீழே பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மாதம் கழித்து மழை பிடித்தது. மூன்றாவது நாளும் விடவில்லை. அன்று காலை பத்து மணிக்கு ஆபரேட்டர் ஈரத் தலையோடு உள்ளே வந்து அவள் மேசையில் ஒரு படத்தை வைத்தார்.

"இதென்னண்ணே? டிஷ் நிலாவப் பாத்துதான இருக்கணும்?"

"நிலாவத்தாம்மா பாத்துக்கிட்டிருந்துச்சு. நிலா மேக்க இறங்குச்சு, டிஷ்ஷும் கூடவே இறங்குச்சு. வழியில நம்ம செயற்கைக்கோள் குறுக்க வந்து எதையோ அனுப்புது. வர்றத வாங்காதேன்னு தீர்மானத்துல இல்லையே."

அவள் படத்தைப் பார்த்தாள். மேலணை விளிம்புவரை நிறைந்து வழியத் தயாராக இருந்தது. கணக்குப் போட்டாள். நான்கு மணி நேரம், கொஞ்சம் கூடக் குறைய.

பழைய படிவங்களைத் தீர்மானம் வந்த அன்றே எரித்துவிட்டார்கள். புதிய படிவத்தின் தலையில் 'நிலவு' என்று பெரிதாக அச்சடித்திருந்தது. அதை அடித்துவிட்டு எழுதினால் முத்திரை கிடைக்காது. தெருவுக்கு ஓடிப்போய்த் தானே கத்தலாம். ஏழு தெருவையும் ஒரு தொண்டை கிளப்பிவிட முடியாது. ஒரு நிமிஷம் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு விறுவிறுவென்று நிரப்பி, மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, பெருமிதத்தின் அறைக்கு ஓடினாள்.

பெருமிதம் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் படித்தார்.

"நிலவுல வெள்ளமா?"

"ஆமா சார்."

"இதுக்கு முன்னாடி வேற நாட்டுக்காரன் எவனாச்சும் இதைச் சொல்லியிருக்கானா?"

"ஒருத்தரும் சொன்னதில்ல சார்."

அவர் முகத்தில் விடிந்தது. "அப்ப நாமதான் முதல்."

"சார், உடனே முத்திரை வேணும். நாலு மணி நேரம்தான் இருக்கு."

"அதுக்குள்ள வேற எவனாச்சும் அறிவிச்சுருவான்னு பயப்படறியா? கெட்டிக்காரிம்மா நீ." முத்திரையை எடுத்து, இரண்டு தடவை குத்தினார். "பத்திரிகைக்காரங்களக் கூப்பிடச் சொல்லு. விண்வெளி வீரர் உடை எங்க இருக்கு?"

ஆபரேட்டர் அதற்குள் டிஷ்ஷின் அடியில் போய் ஒளிந்துகொண்டார்.

படிவம் பேரிடர் அறைக்குப் போய்ச் சேர்ந்த இரண்டாவது நிமிஷம் அங்கிருந்த எழுத்தர் தொலைபேசியில் கூப்பிட்டார். விதிகளில் ஊறிய மனிதர். குரலே கோடு போட்ட தாளில் எழுதியது போல இருக்கும்.

"ஏம்மா, நிலவுல வெள்ளம்னு ஒரு தாள் வந்திருக்கு."

"ஆமாங்க சார்."

"அது எங்க எல்லைக்குள்ள வருமா?"

"முத்திரையோட வந்தா எந்த எச்சரிக்கையா இருந்தாலும் அரை மணி நேரத்துல வண்டி போகணும்னுதான சார் உங்க விதி? எந்த இடம்னு விதியில இருக்கா?"

தாள் புரளும் சத்தம். "இடத்தப் பத்தி ஒண்ணும் இல்ல. முத்திரை இருக்கா?" அவரே பார்த்துக்கொண்டார். "ரெண்டு இருக்கு. சரி. பாதிக்கப்படும் பகுதின்னு ஒரு கட்டம். ரயில் மேட்டுக்குக் கீழ ஏழு தெருன்னு போட்டிருக்க. நிலவுல ரயில் போகுதா?"

"போகப் போகுது சார். திட்டத்துல இருக்கு."

"அப்படியா." பேனா கிறுக்கும் சத்தம். "திட்டத்துல இருந்தா எழுதிக்கலாம். தங்க வைக்கும் இடம், பள்ளிக்கூட மாடி. அதுவும் திட்டத்துல இருக்கா?"

"அது ஏற்கெனவே கட்டியாச்சு சார்."

"நல்லது. ஆனா ஒண்ணும்மா. வண்டியில படிவத்துல இருக்கிறத அப்படியே படிக்கணும். ஒரு வார்த்தை கூட்டவோ குறைக்கவோ எனக்கு அதிகாரம் இல்ல."

"கூட்ட வேண்டாம் சார். சத்தமா படிக்கச் சொல்லுங்க, போதும்."

பிறகு செய்ய ஒன்றும் இல்லை. அவள் தகரக் கூரையில் மழை அடிப்பதைக் கேட்டுக்கொண்டு தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாவைக் கூப்பிட்டாள், சலவைக்கூடத்தின் மிஷின் சத்தத்தில் கேட்கவில்லையோ என்னவோ, எடுக்கவில்லை. இன்று வேலைக்குப் போனாளா, வீட்டில் இருக்கிறாளா என்றுகூடத் தெரியவில்லை. தங்கச்சி தொலைபேசி அணைந்து கிடந்தது. எதிர்ச் சுவரின் தொலைக்காட்சியில் பெருமிதம் குடை பிடித்துக்கொண்டு செய்தியாளர்களிடம் பேசினார். நிலவின் மக்களுக்கு இந்த அரசு துணை நிற்கும் என்று அவருக்குப் பக்கத்தில் நின்ற குவாரி உறுப்பினர் சொன்னார். அங்கே ஏரிகள் ஆக்கிரமிக்கப்பட்டிருந்தால் இரும்புக் கரம் கொண்டு அகற்றுவோம் என்றும் சொன்னார்.

இரண்டு மணி அடித்துச் சற்றைக்கெல்லாம் தொலைபேசி அலறியது. அம்மா. பின்னால் நூறு பேர் பேசுகிற இரைச்சல்.

"என்னடி உங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் புத்தி கெட்டுப்போச்சா? நிலாவுல வெள்ளமாம். மைக் வச்சுக் கத்திக்கிட்டுப் போனான். ஏழு தெருவும் உடனே பள்ளிக்கூட மாடிக்கு ஏறணுமாம்."

"ஏறிட்டியாம்மா? பாப்பா எங்க?"

"பக்கத்துலதான் நிக்கறா. எல்லாரும் ஏறியாச்சு. மொதல்ல சிரிச்சோம். அப்பறம் நம்ம தெரு பிளம்பர் சொன்னாரு, எங்க தண்ணிங்கறத தப்பா சொன்னாலும் எங்க ஏறணுங்கறத சரியா சொல்றான், வாங்கன்னு. பீரோவத்தான் தூக்க முடியல."

"போனா போகுது விடு."

"இப்பத்தான் உள்ள வருது தண்ணி. நம்ம வாசப்படி முழுகியாச்சு." அம்மா மாடியின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்திருப்பாள். "இங்க ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல, நீ பயப்படாத. ஆனா அந்த நிலாவுல இருக்கறவங்கள்லாம் மேல ஏறிட்டாங்களான்னு உங்க பெரிய சார மட்டும் ஒரு தடவ கேட்டுச் சொல்லு. இந்தப் பிளம்பர் ரொம்பக் கவலப்படறாரு."